பிளாஸ்திரிப் பசையும் ஐந்தரைக் கட்டையும்

அத்தை பாடுகிற சுருதி ஐந்தரைக் கட்டை. வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறவர். அவருடைய எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியில் குமிழைச் சுற்றி அச்சடித்திருந்த எண்கள் பொடிப்பொடியாக இருக்கும். கண்ணாடி போடாமல் தெரியாது. அதனால் குமிழ் எங்கே நிற்க வேண்டுமோ, அந்த இடத்தில் மருந்துக்கடை வெள்ளைப் பிளாஸ்திரியை நகத்தளவு கிழித்து ஒட்டியிருந்தார். ஏழெட்டு வருடம் அது அங்கேயே இருந்தது. துணி நைந்து, பசை ஓரங்களில் பிதுங்கி, அதில் தூசியும் விபூதியும் விரல் எண்ணெயும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. தொட்டால் விரலோடு நூல் நூலாக வரும்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். வீணை, தம்பூரா, பாட்டு நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் துடைத்தாகிவிட்டது. "பெட்டியை நான் சுத்தம் பண்ணித் தரேன் அத்தை" என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். ஈரத்துணி போட்டேன், அசையவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகத்துக்குள் போனது. அத்தை மகளின் அலமாரியில் நகப்பூச்சு அழிக்கும் பாட்டில் இருந்தது. பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன்.

முதல் தேய்ப்பில் பஞ்சு கறுத்தது. ஆகா, அழுக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதில் பஞ்சின் இழைகள் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டன. மூன்றாவதில்தான் புரிந்தது, வந்தது அழுக்கு இல்லை, பெட்டி. பளபளவென்றிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் சாம்பல் பூத்து, அதில் என் பெருவிரல் ரேகை அச்சுப் போட்டதுபோல் பதிந்திருந்தது. நாலு கட்டையிலிருந்து ஆறு கட்டை வரை எண்களே இல்லை. சிவப்பு விளக்குக்கு மேல் இருந்த கண்ணாடி மாதிரியான துண்டு கண்புரை விழுந்தாற்போல் வெளுத்துவிட்டது. ஆனால் பிளாஸ்திரிப் பசை? அது அப்படியே இருந்தது. கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

அத்தை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் போனா போகுதுடா. ஐந்தரை எங்க இருக்குன்னு காதுக்குத் தெரியும். ஆனா உனக்கு யாரு இந்த வேலை சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயமே.

அன்று நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. நகப்பூச்சு அழிப்பான்களில் பலவற்றில் இருப்பது அசிட்டோன். சுருதிப் பெட்டி, டிவி ரிமோட், கம்ப்யூட்டர் கீபோர்டு, ரூட்டர் இவற்றின் கூடுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அசிட்டோனுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சர்க்கரைக்கும் வெந்நீருக்கும் உள்ள உறவு. ஏபிஎஸ் துண்டுகளை ஒட்டுவதற்கு அசிட்டோனைத் தடவினாலே போதும், இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகிவிடும். விளக்கின் மேலிருந்த துண்டு அக்ரிலிக். அதற்கும் அசிட்டோன் ஆகாது. இதற்கு நேர்மாறாக, பழைய துணிப் பிளாஸ்திரியின் பசை ரப்பரும் மரப்பிசினும் ஜிங்க் ஆக்சைடும் சேர்ந்த கலவை. ரப்பர் அசிட்டோனுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. ஆக, கரைய வேண்டியதைக் கரைக்காமல், கரையக் கூடாததை மட்டும் கரைக்கிற ஒரே திரவத்தை வீடு முழுக்கத் தேடி எடுத்து வந்திருக்கிறேன்.

அப்புறம்தான் இந்த விஷயத்தில் ஒரு பித்து பிடித்தது. இன்றைக்கும் யாராவது "எலெக்ட்ரானிக்ஸ் துடைக்க எது சேஃப்?" என்று கேட்டால், நான் பாட்டில் பேரைச் சொல்வதில்லை. எதன் மேல், எந்த அழுக்கு, எந்த அறையில் என்று மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். நண்பர்களுக்கு இது எரிச்சல். ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள்.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் எனக்குச் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வந்தது. மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடை. சர்க்யூட் போர்டு ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர். என் லேப்டாப்பில் ஃபில்டர் காபி கொட்டிவிட்டது. நான் புத்திசாலித்தனமாக உடனே அணைத்து, கவிழ்த்து, கீபோர்டைக் கழற்றி, தொண்ணூற்றொன்பது சதவீத ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் காயவைத்திருந்தேன். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் ஸ்பேஸ் பார் அமுங்கினால் எழவில்லை, 'ப' அடித்தால் நாலு 'ப' விழுந்தது.

அண்ணன் லேப்டாப்பைத் தொடவே இல்லை. "முதல்ல என்ன கொட்டிச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் பாட்டிலைத் தொறக்கலாம்" என்றார்.

"காபி."

"சர்க்கரை போட்டதா?"

இரண்டு ஸ்பூன் என்றேன். சிரித்தார். சர்க்கரை ஐபிஏயில் கரையாது. உப்பும் கரையாது. சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் சர்க்கரையை ஐபிஏ விட்டுக் கலக்கிப் பாருங்கள், மணல் மாதிரி அடியில் உட்கார்ந்திருக்கும். பால் விஷயம் இன்னும் மோசம். பாலில் ஆல்கஹால் சேர்ந்தால் அதிலுள்ள புரதம் திரியும். பால் பண்ணைகளில் பாலின் தரம் பார்க்கவே ஆல்கஹால் சோதனை என்று ஒன்று உண்டு. கெட ஆரம்பித்த பால் அதில் உடனே திரிந்துவிடும். நான் அடர்த்தியான ஐபிஏயை ஊற்றி, சர்க்கரையை அங்கேயே விட்டுவிட்டு, பாலைத் திரியவைத்துப் பூசிவிட்டிருக்கிறேன். காய்ந்தபோது தண்ணீர் மட்டும் போனது. பாகு இருந்தது.

அவர் செய்தது என்னைப் பயமுறுத்தியது. பேட்டரியைப் பிரித்து எடுத்துவிட்டு, போர்டைத் தனியாகக் கழற்றி, தண்ணீர் விட்டே கழுவினார். குழாய்த் தண்ணீர் இல்லை. சென்னைத் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு அது இன்னொரு காபி. பெட்ரோல் பங்கிலும் பைக் உதிரிபாகக் கடையிலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று விற்கிற டிஸ்டில்டு வாட்டர். மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு முறை. அதற்கப்புறம்தான் ஐபிஏ. இந்த இடத்தில் ஐபிஏவின் வேலை அழுக்கைக் கரைப்பது இல்லை, சிப்புகளின் அடியில் புகுந்திருக்கிற தண்ணீரோடு கலந்து அதை வெளியே கொண்டுவந்து தானும் சீக்கிரம் ஆவியாவது. தண்ணீர் சர்க்கரையை எடுத்துப்போக, ஐபிஏ தண்ணீரை எடுத்துப்போனது. பிறகு ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில். போர்டைக் கொல்வது தண்ணீர் இல்லை, கரண்ட் இருக்கும்போது இருக்கிற தண்ணீர்தான் என்றார். போர்டுக்குத்தான் இந்த வைத்தியம். ஸ்பீக்கர், மைக், திரை இவற்றை அவர் ஈரத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை.

அழுக்கைத் தோராயமாக இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். தண்ணீர்க் கட்சி: சர்க்கரை, உப்பு, வியர்வை, குளிர்பானம். எண்ணெய்க் கட்சி: கிரீஸ், மெழுகு, ரப்பர்ப் பசை, சமையலறை ஃபேனில் படிகிற பிசுக்கு. தண்ணீர்க் கட்சிக்குத் தண்ணீர், எண்ணெய்க் கட்சிக்கு எண்ணெயோ அதன் உறவுக்காரர்களோ. ஐபிஏ நடுவில் நிற்கிற ஆள். இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசுவார், எந்தப் பக்கமும் முழுசாகச் சேரமாட்டார். அவர் மிகச் சிறப்பாகச் செய்கிற வேலை ஈயம் பற்றவைத்த இடத்தில் மிஞ்சுகிற ஃப்ளக்ஸை எடுப்பது. அது பைன் மரத்துப் பிசின். ஐபிஏ பட்டதும் தேன் நிறத்தில் கரைந்து வரும். இதில் ஒரு தப்பு எல்லோரும் செய்வது: கரைந்ததை எடுக்காமல் காயவிடுவது. அப்போது பிசின் போர்டு முழுக்கப் பரவி வெள்ளைப் படலமாக நின்றுவிடும். கரைத்தால் மட்டும் போதாது, துணியோ டிஷ்யூவோ வைத்து ஒற்றி வெளியே எடுக்க வேண்டும். வீடு துடைக்கிறவர்கள் வாளித் தண்ணீரை மாற்றுவது எதற்காகவோ, அதே காரணம்.

பேட்டரி கசிந்த ரிமோட் தனி ரகம். அல்கலைன் செல்லிலிருந்து வழிவது காரம். அந்த வெள்ளைப் பூவை ஆல்கஹாலால் தேய்ப்பது வீண். பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு வைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு ஈரத்தால் ஒற்றி, கடைசியில் ஐபிஏ. கையில் உறை, கண்ணில் கண்ணாடி. அது தோலில் பட்டால் எரியும்.

ஸ்டிக்கர் பசைக்கு வருகிறேன், என் பூர்வ ஜென்மப் பகை. பாட்டிகள் பலாப்பழம் வெட்டுவதற்கு முன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். பலாப்பால் ரப்பர் ஜாதிப் பிசின். எண்ணெய் இருந்தால் ஒட்டாது, ஒட்டினாலும் எண்ணெயால் வரும். எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கரை எடுக்கவும் அதே தேங்காய் எண்ணெய்தான். சுருதிப் பெட்டியும் பலாப்பழமும் ஒன்று என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ரகசியம் தேய்ப்பதில் இல்லை, காத்திருப்பதில். எண்ணெயில் ஊறிய பஞ்சைப் பசையின் மேல் வைத்து, ஒரு பிளாஸ்டிக் காகிதத்தால் மூடி, அரை மணி நேரம் வேறு வேலை பார்க்கப் போக வேண்டும். எண்ணெய் பசைக்குள் இறங்கி அதை உப்பவைக்கும். பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தள்ளினால் சுருண்டு வரும். மிஞ்சிய எண்ணெயைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். இதெல்லாம் வெளிக்கூட்டுக்கு மட்டும். பொத்தான் இடுக்கு, ஸ்பீக்கர் ஓட்டை, சார்ஜர் துளை இருக்கிற பக்கம் எண்ணெய் ஓடினால் அப்புறம் உலகத்துத் தூசியெல்லாம் அங்கே வந்து குடியேறும்.

எண்ணெய்க்கு அசையாதவையும் உண்டு. இன்றைய ஸ்டிக்கர்கள், இரட்டைப் பக்க டேப்புகள் பலவற்றில் அக்ரிலிக் பசை. அதற்கு முதலில் சூடு: ஹேர் டிரையர் ஒரு நிமிடம். ஸ்டிக்கர் இளகியதும் படுக்கைவாட்டில், மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு மேல்நோக்கிப் பிய்த்தால் காகிதம் வரும், பசை தங்கும். மிச்சத்துக்கு ஐபிஏ.

நீலகிரித் தைலம் எனக்குப் பிடித்த ஆயுதம். ஊட்டி போய்வந்தவர்கள் வாங்கிவந்து மூக்கடைப்புக்கு வைத்திருப்பார்களே, அதேதான். ஸ்டிக்கர் பசையை நன்றாக இளக்கும். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தெறிக்கிற எண்ணெயும் அப்படியே; அதில் பெரும்பகுதி லிமோனின். ஆனால் 'இயற்கை' என்பதால் சாது என்று நினைக்க வேண்டாம். ஆரஞ்சுத் தோலை ஒரு துண்டு தெர்மாகோல் மேல் பிழிந்து பாருங்கள், கண் முன்னால் குழி விழும். தெர்மாகோல் பாலிஸ்டைரீன், பழைய கேசட் டப்பா, சிடி டப்பா, ரேடியோ டயல் கண்ணாடி பலவும் பாலிஸ்டைரீன்தான். பிள்ளைகளின் பலூன் பக்கத்தில் ஆரஞ்சு உரிக்காதீர்கள் என்பதும் இதனால்தான், ரப்பர் பலூன் பட்டென்று வெடிக்கும்.

இந்த ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளெல்லாம் போர்டு கழுவப் பயன்படுத்தியது சிஎஃப்சி-113 என்ற குளோரோஃபுளோரோகார்பன் திரவம். துடைப்பவர்களின் கனவுத் திரவம் என்று சொல்லலாம்: தீப்பிடிக்காது, பெரும்பாலான பிளாஸ்டிக்குகளைத் தொந்தரவு செய்யாது, மிச்சம் விடாது, கடுமையான நாற்றமும் இல்லை. 'சேஃப்' என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டில் இருந்திருக்காது. அப்புறம் பார்த்தால் அது மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்றுகொண்டிருந்தது. 1987-ல் இந்த வகைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. என்ன செய்வது என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, 1988-ல் அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனம், ஆரஞ்சு வகைப் பழத்தோல்களிலிருந்து கிடைக்கிற டெர்பீன் எண்ணெயால் போர்டு கழுவலாம் என்று அறிவித்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் போகிற போர்டில் ஆரஞ்சு வாசனை! எனக்கு இந்தத் தகவலைப் படித்த நாளிலிருந்து கமலா ஆரஞ்சு உரிக்கும்போதெல்லாம் ஒரு மரியாதை.

மாற்றுத் திரவம் தேடும்போது அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது, அது இனிப்பானது இல்லை. 2009 வாக்கில் சீனாவின் சூச்சோவில், போன் திரைகள் செய்த ஒரு தொழிற்சாலையில், திரை துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலாக என்-ஹெக்ஸேன் கொடுத்தார்கள். காரணம், அது ஆல்கஹாலைவிட வேகமாகக் காயும். ஒரு மணி நேரத்தில் அதிகத் திரைகள் துடைக்கலாம். காற்றோட்டம் போதவில்லை. என்-ஹெக்ஸேன் மூச்சு வழியாக உடம்புக்குள் போய் வேறொரு பொருளாக மாறி, கை கால் நரம்புகளைத் தாக்கும். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்று ஆப்பிள் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட தன் சப்ளையர் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. விரல் மரத்து, நடக்கத் தடுமாறி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள். 2014-ல்தான் இறுதிக்கட்ட அசெம்பிளி ஆலைகளில் பென்சீனையும் என்-ஹெக்ஸேனையும் துடைக்கும் வேலைக்குப் பயன்படுத்த அந்த நிறுவனம் தடை போட்டது. திரைக்கு அந்தத் திரவம் மிகவும் 'சேஃப்'. ஒரு கீறல், ஒரு படலம் விழாது. துடைக்கிறவருக்குத்தான் ஆகாது. நம் ஊரில் ஸ்பிரே டப்பாவில் விற்கிற, சுவிட்ச் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் ஹெக்ஸேன் என்று இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகு வந்தது. ஹெப்டேன் இருந்தால் எடுப்பேன். அது ஒரு கார்பன்தான் கூட, நரம்புக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் அதையும் அடிப்பேன்.

நம் கடைவீதியில் எளிதில் கிடைப்பவற்றில் எனக்கு ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தின்னர்: தகர டப்பாவில் என்ன இருக்கிறது என்று டப்பாவுக்கே தெரியாது. டொலுயீன், அசிட்டோன், இன்னும் என்னென்னவோ கலந்திருக்கும். பெயின்ட் வேலைக்குச் சரி, பிளாஸ்டிக் பக்கம் வராதிருக்கட்டும். பெட்ரோல்: மோட்டார் கழுவுகிறவர்களிடம் பார்த்துவிட்டு ஃபேன் ரெகுலேட்டரை அதில் கழுவிய ஒருவரை எனக்குத் தெரியும், பற்றிக்கொள்ளாமல் போனது அவர் அதிர்ஷ்டம். மண்ணெண்ணெய் அவ்வளவு சுலபமாகப் பற்றாது, ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வருகிற டபிள்யூடி-40 பற்றி எல்லோரும் கேட்பார்கள். பேரிலேயே விடை இருக்கிறது: 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்கென்று செய்து பார்த்த நாற்பதாவது கலவை. துருப்பிடித்த பூட்டுக்கு அமிர்தம், ஸ்டிக்கர் பசைக்கும் பரவாயில்லை. அதன் சாதாரண டப்பாவைச் சுவிட்சுக்குள் அடித்தால் எண்ணெய் தங்கித் தூசி பிடிக்கும். அதே பேரில் கான்டாக்ட் கிளீனர் என்று தனி டப்பா உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் சில வகைகளில் தோல் வறளாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். சானிடைசர் ஜெல்லில் கிளிசரினும் கெட்டியாக்கும் பசையும். 2020-ல் ஊரே போனை ஜெல் போட்டுத் துடைத்து, திரையில் பாம்பு நெளிந்த தடம் மாதிரி ஒரு கோடு விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது கிளிசரின். கிருமிக்கு எழுபது சதவீத ஆல்கஹால்தான் நல்லது, கூட இருக்கிற தண்ணீர் கிருமியின் உடலுக்குள் போக உதவும். போர்டுக்குத் தண்ணீர் குறைந்த தொண்ணூற்றொன்பது. இரண்டும் வேறு வேலை. திரைக்கு எதுவும் நேராக ஊற்றக் கூடாது. லேசாக நனைந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

தொண்ணூற்றொன்பது சதவீத ஐபிஏவுக்கும் பயம் வேண்டும். அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்குகிற வெப்பநிலை (ஃபிளாஷ் பாயின்ட்) சுமார் 12 டிகிரி செல்சியஸ். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 12 டிகிரி வராது. அப்படியென்றால் நம் ஊரில் மூடி திறந்த ஐபிஏ பாட்டிலின் வாயில் எப்போதும் பற்றக்கூடிய ஆவி நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேஜையிலிருந்து வழிந்து தரையோடு ஓடும். சால்டரிங் அயர்ன், ஊதுபத்தி, பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. நான் பெரிய பாட்டிலிலிருந்து ஒரு மூடி அளவு சின்ன டப்பாவில் ஊற்றிக்கொண்டு, பெரியதை மூடி வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

வேறொன்று, துடைத்தே தீராத பிசுபிசுப்பு. பத்து வருடப் பழைய மவுஸ், பைனாகுலர், ரேடியோ, கார் பொத்தான்கள் திடீரென்று உருகின வெல்லம் மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோரும் குழந்தையைத் திட்டுவார்கள். குழந்தை நிரபராதி. வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கட்டும் என்று பூசிய பாலியூரிதேன் பூச்சு காற்றின் ஈரத்தில் சிதைந்து பழையபடி கூழாகிறது. கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். அங்கே அழுக்கு என்று ஒன்று தனியாக இல்லை, மேல்தோலே அழுக்கு. ஒரே வழி, ஐபிஏயும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்து முழுப் பூச்சையும் உரித்துவிடுவது. உள்ளேயிருந்து சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக் வரும், அது இன்னும் இருபது வருடம் உழைக்கும். பவுடர் போட்டு ஒப்பேற்றலாம் என்பார்கள். ஒரு வாரம் தாங்கும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் இப்போது நான் செய்வது இதுதான். கூட்டின் உள்பக்கம், பேட்டரி மூடிக்குப் பின்னால், சின்ன எழுத்தில் பிளாஸ்டிக்கின் பேர் குத்தியிருக்கும்: ஏபிஎஸ், பிசி, பிஎஸ், பிபி. பிபி என்றால் பாலிபுரொப்பிலீன், கெட்டிக்காரன், எதற்கும் அவ்வளவாக அசையமாட்டான். பிஎஸ் பாலிஸ்டைரீன், தொட்டாற்சிணுங்கி. பிசி பாலிகார்பனேட், கமுக்கமான ஆள். துடைத்தபோது ஒன்றும் தெரியாது, மறுநாள் திருகாணி இறுக்கிய இடத்தைச் சுற்றி முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். அதனால் கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பேன். துணியில் நிறம் வந்தால் பாட்டிலை மூடிவிடுவேன்.

இவ்வளவும் படித்துத் தேறிய பிறகு, போன வருடம் அதே சுருதிப் பெட்டி என்னிடம் திரும்ப வந்தது. குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம், சுருதி தாவித் தாவி நிற்கிறது. பிளாஸ்டிக் மேல் என் பெருவிரல் ரேகை அப்படியே இருந்தது. பக்கத்தில் புதுப் பிளாஸ்திரி, அதுவும் கறுத்துப்போய். இந்த முறை தேங்காய் எண்ணெய்ப் பஞ்சை வைத்துவிட்டு டீ குடித்து வந்தேன். பசை சொன்னபடி கேட்டது. பெட்டியைத் திறந்து, குமிழுக்குக் கீழே அதோடு சேர்ந்து திரும்புகிற சுற்றுத் தடையின் (பொட்டென்ஷியோமீட்டர்) சின்ன ஓட்டையில் ஐபிஏவை ஊசியால் விட்டு இருபது முப்பது தடவை திருப்பினேன். உள்ளே கார்பன் பட்டையில் இருந்த அழுக்கு போய்ச் சத்தம் சுத்தமாக நின்றது. எனக்கு ஒரே பெருமை.

இரண்டாம் நாள் அத்தையிடமிருந்து போன். "என்னடா பண்ணின? தொட்டாலே ஓடுது. வர்ணம் பாடி முடிக்கிறதுக்குள்ள அரைக் கட்டை இறங்கிடறது."

விஷயம் இதுதான்: சுற்றுத் தடையின் தண்டில் கெட்டியான கிரீஸ் ஒன்று வைத்திருப்பார்கள். குமிழ் வெண்ணெயில் திரும்புவதுபோல் நிதானமாகத் திரும்பி, விட்ட இடத்தில் நிற்பது அதனால்தான். ஐபிஏ அழுக்கோடு அந்தக் கிரீஸையும் இளக்கிக் கழுவிவிட்டது. இதற்கென்றே கொஞ்சம் வழுவழுப்பை விட்டுவைக்கிற கிளீனர் தனியாக விற்கிறது. வழக்கமாக மிச்சம் வைக்கக் கூடாது என்று தேடுகிறோம், இங்கே மிச்சம் வைப்பதுதான் தேவை. நான் அதை யோசிக்கவில்லை.

ஆர்டர் போட்டுக் கொண்டுவரேன் அத்தை, நாலு நாள் பொறுங்க என்றேன். டப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, நாலைந்து பிள்ளைகள், ஐந்தரைக் கட்டை அசையாமல் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். குமிழின் தலையிலிருந்து பெட்டியின் இரண்டு பக்கமும் இறுக்கி இழுத்து, குறுக்கே ஒரு ஜாண் நீளத்துக்குப் புத்தம்புது வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.